முட்டு

நெட்டச்சி உதைத்தால் கதவுக்கே காய்ச்சல் வரும் என்று பட்டறையில் ஒரு பேச்சு இருந்தது. சும்மா சொன்னதில்லை. பட்டறையின் நடுவில் ஒரு கதவு தனியாக நின்றுகொண்டிருந்தது. நிலை உண்டு, கீல் உண்டு, கைப்பிடி உண்டு. சுவர் மட்டும் கிடையாது. நிலையை இரும்புத் தூண்களோடு சேர்த்து இறுக்கியிருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி போய் நின்று, செய்து முடித்த முட்டு ஒன்றைக் கைப்பிடிக்குக் கீழே சாய்த்துக் கொடுத்துவிட்டு "ம்" என்பாள். இந்தப் பக்கம் நெட்டச்சி துணியைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, பின்னால் போய், ஓடி வந்து குதிகாலால் ஒன்று விடுவாள். தகரக் கூரை அதிரும். அணில்கள் ஓடும். கதவு அசையவில்லை என்றால் அந்த முட்டு தேறியது.

முட்டு என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. குழாய்க்குள் குழாய். மேல்முனையில் கைப்பிடியைத் தாங்க ஒரு கவை. கீழ்முனையில் பழைய டயர் ரப்பரில் வெட்டி ஒட்டிய அகலமான பாதம். கதவுக்கு ஏற்ற உயரத்தில் நிறுத்த நடுவில் ஒரு முளை. ஆணி அடிக்க வேண்டாம், சுவரைத் துளைக்க வேண்டாம், வீட்டுக்காரனிடம் பல்லிளிக்க வேண்டாம். வெளியே நிற்பவன் எவ்வளவு தள்ளுகிறானோ அவ்வளவுக்கு ரப்பர் தரையைக் கவ்விக்கொள்ளும். அவசரமாக வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தால் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். அதைச் செய்துகொண்டிருந்த பெண்கள் எல்லாருமே அப்படி அவசரமாகக் கிளம்பி வந்தவர்கள்தான்.

"முட்டை எடு, முட்டை வை, முட்டை உதைச்சுப் பாரு" என்று நாள் முழுக்க உள்ளே சத்தம் கேட்டதால், எதிரே இருந்த டீக்கடைக்காரர் ரொம்ப நாள் அதைக் கோழிப்பண்ணை என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கேட்டே விட்டார். குழாய் வெட்டும் ரேடியோ, வாயை மூடத் தெரியாதவள் என்பதால் அந்தப் பெயர், "ஆமாண்ணே, இரும்புக் கோழி. அடைக்கு உக்காந்திருக்கு, வந்து தூக்கிப் பாருங்க" என்றாள்.

இதையெல்லாம் யோசித்து வரைந்தவளுக்கு அவர்கள் வைத்த பெயர் டிசைனு. அவள் படித்த படிப்பு அது. ஆளும் ஒரு மாதிரி டிசைன்தான். பெரிய கம்பெனியில் நாற்காலி வரைந்துகொண்டிருந்தவள், அதை விட்டுவிட்டு, அடிபட்டு வந்த பெண்கள் தங்கியிருந்த விடுதிக்கு வந்து சேர்ந்தாள். முதலில் அவளும் எல்லாரையும்போலத் துணிப்பை தைக்கத்தான் சொல்லிக் கொடுத்தாள். மணி கோத்த பை, பூ வைத்த பை. வந்து பார்த்தவர்கள் "ஐயோ பாவம்" என்று முகத்தை வைத்துக்கொண்டு வாங்கிப் போனார்கள்.

"வாங்குறவங்க எங்க பையைப் பார்க்கலை, எங்க மூஞ்சியைத்தான் பார்க்கிறாங்க" என்றாள் ரேடியோ. "கொண்டுபோய்ப் பரண்ல போட்டுடுவாங்க. நாங்களும் இப்ப பரண்லதான் கிடக்கிறோம். இதுல பை வேற."

டிசைனுக்கு அது சுருக்கென்று தைத்தது. விடுதியிலேயே சில நாள் தங்கினாள். சாப்பாடு முடிந்து விளக்கை அணைக்கும்முன் அறைக்கு அறை தரையில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், ஒருத்தி பெட்டியைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறாள், ஒருத்தி கட்டிலையே நகர்த்துகிறாள், இன்னொருத்தி தண்ணீர்க் குடத்தை நிரப்பி வைத்துவிட்டு அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். இத்தனைக்கும் வெளிக்கதவுக்குப் பூட்டு உண்டு, காவல் உண்டு.

அங்கேதான் முட்டு பிறந்தது. டிசைனு காகிதத்தைத் தூக்கிக்கொண்டு எல்லாரிடமும் போனாள். கதவு எந்த இடத்தில் முதலில் விட்டுக்கொடுக்கும், கை நடுங்கும்போது எதை மாட்ட முடியும், எதை மாட்ட முடியாது என்று கேட்டுக் கேட்டு வரைந்தாள், அழித்தாள். முட்டை மட்டும் வரையவில்லை. அதைச் செய்கிற வேலையையும் ஆளுக்கு ஆள் அளவெடுத்து வரைந்தாள். தோள் இறங்கிப்போன ரேடியோவுக்கு இடுப்பால் தள்ளி இறக்குகிற வெட்டுக் கத்தி. காது கேட்காத, வாய் பேசாத சைகைக்கு, வெளிச்சம் நன்றாக விழும் சன்னலோரத்தில் ரப்பர் ஒட்டும் மேசை. யாரோடும் பேசப் பிடிக்காத பெயின்ட் அக்காவுக்கு ஒரு மூலை, ஒரு தூரிகை. நெட்டச்சிக்குக் காலால் மிதித்து முளை அடிக்கிற ஒரு பொறி.

நெட்டச்சியின் வலது கையில் இரண்டு விரல் மடங்காது. அவள் புருஷன் பூட்ஸ் காலால் மிதித்ததில் அப்படியே நின்றுவிட்டது. சோறு ஆறிப்போயிருந்தது என்பது அன்றைய காரணம். அவன் வெல்டர். கதவு, கிரில், கேட் எல்லாம் அடிப்பான். நல்ல கைகாரன் என்று பெயர். கடையில் இரும்பை அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அந்தக் கை சும்மா இருக்காது. ஒருநாள், வயிற்றில் ஐந்தாம் மாதம், அவன் வருகிற வரத்தைப் பார்த்தே நெட்டச்சி உள்ளறைக்கு ஓடித் தாழ் போட்டுக்கொண்டாள். தாழை நம்பாமல் தானும் கதவோடு ஒட்டி நின்று இரண்டு கையாலும் தாங்கினாள். அவன் உதைத்தான். தாழ் பிய்த்துக்கொண்டு வந்தது. கதவு அவள் வயிற்றில் இறங்கியது. விழுந்தவளை அவன் அதற்குமேலும் மிதித்தான்.

தரையில் கிடந்த ரத்தத்தைத் துணி போட்டுத் துடைத்தது மாமியார்தான். துடைத்துக்கொண்டே, சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டாரிடம், "குளிக்கிற ரூம்ல வழுக்கி விழுந்துட்டா. பார்த்து நடக்கத் தெரியல" என்று சொன்னதும் அவள்தான். ஆஸ்பத்திரியிலிருந்து நெட்டச்சி அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை.

முதல் முட்டு தயாரானபோது, "யாராச்சும் உதைச்சுப் பார்க்கணுமே" என்றாள் டிசைனு. எல்லாரும் நெட்டச்சியின் காலைப் பார்த்தார்கள். அந்த உயரத்துக்கு வேறு யார் இருக்கிறார்கள்? நெட்டச்சி போய் நின்றாள், உதைத்தாள். கதவு 'தொம்' என்று ஒரு சத்தம் போட்டது. அவ்வளவுதான், ஓடிப்போய் வாசலில் வாந்தி எடுத்தாள். அந்தச் சத்தத்தை அவள் எப்போதும் உள்ளே இருந்துதான் கேட்டிருந்தாள்.

"வேணாம்க்கா, விட்டுடுங்க" என்றாள் டிசைனு.

"இல்ல. உள்ள இருந்தவளுக்குத்தானே தெரியும், எவ்வளவு பலமா உதைப்பாங்கன்னு" என்று வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி போய் நின்றாள்.

பிறகு அது பழகியது. பழகியது மட்டுமில்லை, பிடித்தும் போயிற்று. அப்படிப் பிடித்துப்போனதை நினைத்துச் சில நாள் அவளுக்கே பயமாக இருக்கும். குதிகாலிலிருந்து இடுப்பு வரை ஏறுகிற அந்த அதிர்ச்சி ஒரு சுகமாக இருந்தது. இதே சுகம்தானே அவனுக்கும் இருந்திருக்கும் என்று தோன்றும்.

முட்டு நன்றாகப் போயிற்று. தனியாகத் தங்கிப் படிக்கிற பெண்கள், ஊர்விட்டு ஊர் வந்து வேலை பார்க்கிற நர்ஸுகள், வயதானவர்கள் என்று யார் யாரோ கேட்டு வந்தார்கள். வந்தவர்கள் முட்டைத்தான் பார்த்தார்கள்; மாட்டிப் பார்த்து, தள்ளிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் நீளமா இருந்தா தேவலை" என்று குறையும் சொன்னார்கள். குறை சொன்னபோது ரேடியோவுக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தியாடி, குறை சொல்றாங்க! பாவம்னு யாரும் சொல்லல" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மழைக்காலம் தொடங்கியபோது மாமியார் வந்தாள். பட்டறை வாசலில் குடையை மடக்கிக்கொண்டு, யாரோ வீட்டுக்கு வழி கேட்க வந்தவள்போல நின்றாள். நெட்டச்சி கையிலிருந்த குழாயை வைக்காமலே வெளியே வந்தாள்.

"நல்லா இருக்கியா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கண்ணு இருக்கு, வாய் இருக்கு, விசாரிச்சேன். உன் உயரத்தைச் சொன்னா யாரும் காட்டுவாங்க." மாமியார் சிரிக்கப் பார்த்தாள். "வீட்டுக்கு வாடி. அவன் முன்ன மாதிரி இல்ல."

"முன்ன மாதிரி இல்லன்னா? இப்ப ரெண்டு காலாலும் மிதிக்கிறாரா?"

"எடக்குப் பேசாத. தப்பு பண்ணாத ஆம்பளை யாரு? நான் அவன்கிட்டச் சொல்லிக்கிறேன். நான் இருக்கேன்ல?"

"அப்பவும் இருந்தீங்களே அத்தை."

மாமியார் தரையைப் பார்த்தாள். "பெத்தவ நான். என்னை என்ன பண்ணச் சொல்ற?"

"அவருக்கு முட்டுக் கொடுத்துக்கிட்டே இருங்க. இங்க நாங்க வேற முட்டு கொடுக்கிறோம்" என்று சொல்லிவிட்டு நெட்டச்சி உள்ளே போய்விட்டாள். ரேடியோ கையைத் தட்டினாள். நெட்டச்சி கையிலிருந்த குழாயை அப்போதுதான் கீழே வைத்தாள்.

மாமியாரைப் பேச அனுப்பிவிட்டு, அவள் எந்தத் தெருவில் திரும்புகிறாள், எந்த வாசலில் நிற்கிறாள் என்று பின்னாலேயே வந்து அவன் பார்த்துவிட்டுப் போனது அப்போது யாருக்கும் தெரியாது.

அவன் வந்தது கொட்டுகிற மழையில், நடுப்பகலில். டிசைனு பழைய டயர் எடுத்துவரப் போயிருந்தாள். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் வாசல் கேட் உடைந்த சத்தம்கூட யாருக்கும் கேட்கவில்லை. பெயின்ட் அக்காதான் முதலில் பார்த்தாள். தூரிகையைப் போட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னாள்.

"ஆள்."

கையில் ஒரு நீளமான இரும்புக் கம்பியோடு அவன் சொட்டச் சொட்ட நின்றான். ரேடியோ நெட்டச்சியின் கையைப் பிடித்து இழுத்தாள். சாமான் அறைக்குள் எல்லாரும் விழுந்தடித்து ஓடினார்கள். யார் கதவைச் சாத்தினார்கள், யார் முட்டை எடுத்தார்கள் என்று பிறகு எவ்வளவு பேசியும் அவர்களுக்குள் முடிவாகவில்லை. அலமாரியில் அடுக்கியிருந்ததில் கைக்கு வந்ததை எடுத்துச் சாய்த்துக் கொடுத்தார்கள். கவை கைப்பிடியில் விழுந்த அதே நொடியில் முதல் உதை விழுந்தது.

கதவு அசையவில்லை.

"எங்கடி ஒளிஞ்சிருக்க? கதவுக்கு முட்டு செய்யறியாமே? கதவே செய்யறவன்டி நான்! என்கிட்டயே உன் வேலையைக் காட்டுறியா?"

மறுபடி உதைத்தான். கம்பியால் அடித்தான். பலகையில் ஒரு கீறல் விழுந்தது. ரப்பர் பாதம் 'கிரீச்' என்று ஒரு முறை முனகிவிட்டுத் தரையோடு தரையாகக் கவ்விக்கொண்டது. உள்ளே ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். "நிக்குதுடி. நம்ம முட்டு நிக்குதுடி."

பெயின்ட் அக்கா மட்டும் இருட்டில் ஒவ்வொருவர் முகத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சைகை எங்க?" என்றாள்.

சைகை வெளியே இருந்தாள். சன்னலோர மேசையில், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரப்பரில் பசை தடவிக்கொண்டிருந்தாள். மழையும் அவளுக்குக் கேட்காது, இவர்கள் ஓடியதும் கேட்காது.

உதை நின்றது. அவன் காலடி வேறு பக்கம் போவது கேட்டது. பிறகு மேசை கவிழ்கிற சத்தம். அதன் பின்னால் ஒரு குரல். அதைக் குரல் என்று சொல்ல முடியாது. தொண்டையின் அடியிலிருந்து கன்றுக்குட்டி கத்துவதுபோல ஒன்று. சைகைக்கு அப்படி ஒரு சத்தம் வரும் என்று அவர்களுக்கு அதுவரை தெரியாது.

"வெளிய வாடி! வரலைன்னா இவ மண்டையைப் பொளந்துடுவேன்!"

நெட்டச்சி முட்டின் அருகே குனிந்தாள். ரேடியோ அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"திறக்காதடி! உன்னைத் தேடித்தான் வந்திருக்கான். அவளை எதுக்குப் பண்ணப்போறான்? மிரட்டுறான்டி."

"அவன் கையில யாரு கிடைச்சாலும் அது நான்தான். விடு."

"கொன்னுடுவான்."

"விடுன்னு சொல்றேன்ல!"

அத்தனை உதை வாங்கிய முட்டு லேசில் வரவில்லை. பாதத்தின் குதிப்பக்கத்தை மேல்நோக்கி ஓர் எத்து எத்தினாள். கவை கழன்று முட்டு உருண்டது. அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

அவன் சைகையின் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்து அவளைத் தரையில் முட்டி போட வைத்திருந்தான். அவள் வாயெல்லாம் ரத்தம். நெட்டச்சியைப் பார்த்ததும் முடியை விட்டுவிட்டுக் கம்பியைத் தூக்கினான். தலையைக் காக்க நெட்டச்சி இடது கையைத் தூக்கினாள்; அந்தக் கையில் இறங்கியது அடி. எலும்பு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது. வலி வர நேரமானது. அதற்குள் அவள் கால் எழுந்துவிட்டது. ஓடி வந்து உதைக்க இடம் இல்லை. நின்ற இடத்திலிருந்தே, கதவின் தாழ்ப்பாள் உயரத்துக்கும் கீழே, அவன் முழங்காலில் குதிகாலை இறக்கினாள்.

முழங்கால் பின்பக்கமாக மடிந்தது. அப்படி மடியாத இடம் அது. அவன் அலறிக்கொண்டு விழுந்தான். விழுந்தவன் அவள் கணுக்காலைப் பிடித்து இழுத்தான்; அவளும் விழுந்தாள். உடைந்த கை அடியில் சிக்கியது. அவன் அவள் மேல் ஏறிக் கழுத்தைப் பிடித்தான். அந்த விரல்களின் இரும்பு வாடையும் வியர்வை வாடையும் அவளுக்குப் பழக்கமானவை. செத்துப்போவேன் என்று நினைத்தாள். அப்போது சைகை பசை டப்பாவைத் தூக்கி அவன் முகத்தில் கவிழ்த்தாள். கண் எரிந்து கழுத்தை விட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பட்டறையில் யாரும் வாய்விட்டுப் பேசாதது. சாமான் அறையிலிருந்து எல்லாரும் வெளியே வந்தார்கள். ஆளுக்கு ஒரு குழாய் இருந்தது. ரேடியோ இரண்டு அடி அடித்துவிட்டுக் குழாயைக் கீழே போட்டுவிட்டாள். மற்றவர்களும் கை ஓய்ந்தார்கள். பெயின்ட் அக்கா நிறுத்தவில்லை. யாரோடும் பேசாதவள், ஒவ்வொரு அடிக்கும் ஒரு கணக்குச் சொன்னாள். அது வெல்டரின் கணக்கு இல்லை. "இது என் கண்ணுக்கு. இது என் புள்ளைக்கு. இது அந்த அடுப்புக்கு." அவன் கையைத் தூக்குவதைக்கூட நிறுத்திவிட்டான். அவன் மண்டையிலிருந்து வந்த ரத்தம், சிந்திய பெயின்ட்டோடு கலந்து ஓடியது.

"செத்துடுவான் அக்கா!" என்று கத்திக்கொண்டு மழையிலிருந்து ஓடி வந்தாள் டிசைனு. நடுவில் விழுந்து தடுத்ததில் அவள் தோளிலும் ஓர் அடி விழுந்தது. பெயின்ட் அக்கா கை ஓங்கியபடியே நின்று, எதிரே இருப்பது யார் என்று தெரியாததுபோலக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குழாயை மெதுவாக, சத்தம் வராமல், தரையில் வைத்தாள்.

அவன் சாகவில்லை. தாடை உடைந்தது, முழங்கால் தேறாது என்றார்கள். போலீஸ் வந்தது, விசாரணை நடந்தது. உடைந்த கேட்டும் அவன் கொண்டுவந்த கம்பியும் சைகையின் உடைந்த பல்லும் இருந்ததால் வழக்கு அவன் மேல்தான் நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவனைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

நெட்டச்சி கையில் கட்டோடு பட்டறைக்கு வந்த முதல் நாள், டிசைனு கவிழ்ந்த மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வெளிச்சத்தை மட்டும் பார்த்தேன்கா. முதுகு எந்தப் பக்கம் இருக்குன்னு பார்க்கல. ஒருத்தி உள்ள வந்து சேரலைன்னா என்ன பண்றதுன்னும் யோசிக்கல. இத்தனை வரைஞ்சேன், இதை வரையல."

"எங்களுக்கும்தான் தோணல" என்றாள் நெட்டச்சி. "உள்ள போனதும் நாங்களும் கதவைத்தான் பார்த்தோம். ஆளை எண்ணல."

சைகை வந்தாள். உடைந்த பல் இருந்த இடத்தை நாக்கால் துழாவிக்கொண்டே இருவரையும் பார்த்தாள். மேசையை நிமிர்த்தி, தரதரவென்று இழுத்து, வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள். உட்கார்ந்து, பசை டப்பா எங்கே என்று கையை விரித்துக் கேட்டாள். அதற்குப் பிறகு வாசல் கேட்டைத் தொட்டாலே எரிகிற ஒரு சிவப்பு விளக்கை டிசைனு அவள் மேசைக்கு மேலே மாட்டினாள். முட்டின் குதியில், பழக்கமில்லாதவர்களும் ஒரே எத்தில் கழற்ற ஒரு வளையம் வைத்தாள். பெயின்ட் அக்கா வரவில்லை. ரேடியோ போய்க் கூப்பிட்டாள், கெஞ்சினாள். "என் கையை எனக்கே பயமா இருக்கு" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். அந்த மூலையில் அவள் தூரிகை காய்ந்து கட்டையாகக் கிடந்தது.

மறு மழைக்காலம் வருமுன்னே வெல்டர் வெளியே வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டார்கள். ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது, குனிந்து நிமிர முடியாது, கடையை மூடியாயிற்று, வீட்டோடு கிடக்கிறான் என்றார்கள். நெட்டச்சி கொஞ்ச நாள் தெருவைப் பார்த்துப் பார்த்து நடந்தாள்.

அவன் வரவில்லை. மாமியார்தான் வந்தாள். சிவப்பு விளக்கு எரிந்து சைகை முதலில் எழுந்தாள். ரேடியோ வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மறுபடி வழி காட்ட வந்தியா கிழவி?"

மாமியார் ரேடியோவின் தோளுக்கு மேலாக நெட்டச்சியைப் பார்த்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கீழ்த்தாடையில் நீலம் கட்டியிருந்தது. நெட்டச்சி அதைப் பார்த்தாள்.

"என்ன அத்தை, குளிக்கிற ரூம்ல வழுக்கி விழுந்துட்டீங்களா?"

சிரிக்க வாயைத் திறந்த ரேடியோ மூடிக்கொண்டாள். மாமியார் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேளு" என்றாள் கடைசியில். "கேக்க வேண்டியவ நீதான். நல்லாக் கேளு."

"எதுக்கு வந்தீங்க?"

"உன்னைக் கூப்பிட வரல. அந்தக் கம்பி... கதவுக்குக் கொடுப்பீங்களே. ஒன்னு வேணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்டி. வேற யாரு இருக்கா அந்த வீட்டுல?"

நெட்டச்சி உள்ளே போய்விட்டாள். முளை அடிக்கிற பொறியில் கால் வைத்து, ஏற்கெனவே அடித்த முளையையே மறுபடி மறுபடி மிதித்தாள். வாசலில் மாமியார் போகாமல் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து நெட்டச்சி அலமாரியிலிருந்து ஒரு முட்டை எடுத்தாள். முளையை இழுத்துப் பார்த்தாள், பாதத்தை வளைத்துப் பார்த்தாள், அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள்.

"கொடுத்து அனுப்பிடேன்" என்றாள் ரேடியோ. "அந்த வீட்டுக்கு நீ எதுக்குப் போற?"

"மாட்டத் தெரியாம கொண்டுபோனா வெறும் இரும்பு அது. அவர் இப்ப எங்க அத்தை?"

"காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான். வர நேரமாகும்."

வழியெல்லாம் இருவரும் பேசவில்லை. வீட்டில் எதுவும் மாறவில்லை. அதே நீலச் சுவர், அதே அடுப்பு. மாமியார் இப்போது படுத்துக்கொள்வது அந்த உள்ளறையில்தான். பிய்ந்த தாழை யாரும் சரிசெய்யவில்லை. ஆணி இருந்த ஓட்டைகள் அப்படியே இருந்தன. அறைக்குள் காலை எடுத்து வைக்க நெட்டச்சிக்கு முடியவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று தரையையே பார்த்தாள். சுத்தமாகத்தான் இருந்தது. மாமியாரும் அதே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை தடவை துடைச்சாலும் எனக்குத் தெரியுதுடி" என்றாள் மாமியார்.

நெட்டச்சி உள்ளே போனாள். மடங்காத விரல்களோடு கைப்பிடியின் உயரம் பார்த்து முளையைப் பொருத்தினாள். "இப்படிச் சாய்க்கணும். நேரா வைக்கக்கூடாது. பாதம் முழுசாத் தரையில உக்காரணும். நீங்க போடுங்க" என்றாள். மாமியார் போட்டாள், நழுவியது. மறுபடி போட்டாள்.

"சரி. இப்ப நான் வெளிய போறேன். சாத்திட்டு மாட்டுங்க."

கதவு மூடியது. நெட்டச்சி வெளியே நின்றாள். அவன் நின்ற இடம் இதுதான். துணியைத் தூக்கிச் செருகினாள். கால் எழவில்லை.

"என்னடி, போயிட்டியா?"

"இல்ல. தள்ளி நில்லுங்க அத்தை. கதவோட ஒட்டி நிக்காதீங்க. அது நின்னுக்கும். நீங்க தாங்க வேணாம்."

"தள்ளித்தான் நிக்கிறேன்."

உதைத்தாள். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. கதவு அசையவில்லை.

"அவன் இதைவிடப் பலமா உதைப்பான்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஒரு காலு போயும் இன்னும் பலம் இருக்கு. நல்லா உதை."

நெட்டச்சி பின்னால் போனாள். ஓடி வந்து, பட்டறையில் ஒருநாளும் உதைக்காத உதை ஒன்றை உதைத்தாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது அவளுக்கு. இன்னொன்று உதைத்தாள். அழுதுகொண்டே இன்னொன்று. மூச்சு வாங்கக் கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"போதும்டி" என்றது உள்ளிருந்து, ரொம்பப் பக்கத்தில், கதவுக்கு அந்தப் புறத்திலிருந்து. "நிக்குது."

கொஞ்ச நேரம் கழித்து, "எடுக்க வரலை" என்றாள் மாமியார்.

"குதியில வளையம் இருக்கு பாருங்க. விரலை விட்டு மேல இழுங்க."

"கை நடுங்குது."

"நடுங்கட்டும். அவசரம் இல்ல. நான் இங்கதான் இருக்கேன்." நெட்டச்சி கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். "நீங்களே எடுக்கணும். யாரும் வந்து எடுத்துக் கொடுக்க மாட்டாங்க."

உள்ளே இரும்பு உரசியது. திட்டினாள், இருமினாள். கடைசியில் முட்டு கழன்று விழுந்தது. கதவு திறந்தபோது மாமியாரின் வீங்காத கண் சிவந்திருந்தது.

"விடுதியில ஒரு கட்டில் காலியா இருக்கு" என்றாள் நெட்டச்சி. அப்படிச் சொல்வோம் என்று அவளே நினைக்கவில்லை.

"அவனுக்கு யாருடி சோறு போடுவா?"

நெட்டச்சி எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டாள். மாமியார் அவள் கையை எடுத்து, மடங்காத இரண்டு விரல்களையும் தன் கையில் வைத்துத் தடவினாள். "அவன் வர்ற நேரம். கிளம்பு" என்று மட்டும் சொன்னாள்.

நெட்டச்சி தெருவில் இறங்கினாள். உள்ளறைச் சன்னல் தெருவைப் பார்த்தாற்போல இருந்தது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ரப்பர் தரையில் இழுபட்டது. கவை கைப்பிடியில் விழுகிற சத்தம் வரவில்லை. அவள் நின்றாள். உள்ளே கிழவி யாரையோ வாய்க்கு வந்தபடி திட்டினாள். மறுபடி இழுபட்டது. பிறகு, இரும்போடு இரும்பு உட்காருகிற அந்தச் சத்தம் வந்தது. ரப்பர் ஒரு முறை முனகி அடங்கியது. நெட்டச்சி துணியை இறக்கிவிட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.